மூட்டையில் போன உதவி அட்டைகள் குறித்து மைக்காரர் சொன்னது

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே பதிவு செய்துள்ளபடி சரியே. ஆனால் எங்கள் பகுதியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மைக்காரர் வீடு என்று கேட்டால்தான் காட்டுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் மனைவியுடனும் ஒரே மகளுடனும் வசிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்துள்ளேன். ஒன்பதாம் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனதால் அதை இரண்டு முறை படித்தேன். இதை எழுத வேண்டாமே என்று வாக்குமூலம் வாங்கும் காவல் நிலையத்து அய்யா சொன்னார்; நடந்ததைத்தானே சொல்லச் சொன்னீர்கள் என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

என் தொழில் ஒலிபெருக்கி விளம்பரம். சொந்தமாக ஒரு சிறிய வேனும் அதன் மேல் இரண்டு கூம்பு ஒலிபெருக்கியும் வைத்துள்ளேன். மெத்தைக் கடை, கண் சிகிச்சை முகாம், சர்க்கஸ், தேர்தல் என்று யார் கூப்பிட்டாலும் போவேன். காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்கும் கத்தியிருக்கிறேன். தொண்டைக்குக் கட்சி கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எந்த விளம்பரமாக இருந்தாலும் கடைசியில் "முந்துங்கள், இன்றே கடைசி!" என்று சொல்லித்தான் முடிப்பேன். எழுதிக் கொடுத்த தாளில் அது இருக்காது. சொல்லாவிட்டால் எனக்குப் பேசி முடித்தது போல இருக்காது. ஒருமுறை காணாமல் போன ஆட்டைப் பற்றி அறிவித்தபோதும் அப்படியே முடித்தேன். ஆட்டின் சொந்தக்காரர் என்னோடு சண்டைக்கு வந்தார்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பொது மருத்துவமனையில் இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். உதவி அட்டை இருந்தால் அது இலவசம். இல்லாவிட்டால் என் வேனையும் தொண்டையையும் சேர்த்து விற்றாலும் எங்களால் முடியாது. எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இந்த அட்டை உண்டு. பிள்ளைகளின் படிப்பு உதவி, முதியோர் உதவி, மருந்து எல்லாம் அதில்தான். அரசாங்கம் கொடுத்த அட்டை. மேலே ஆளுங்கட்சித் தலைவரின் படம் போட்டிருக்கும்.

கடந்த புதன்கிழமை காலை ஆளுங்கட்சியின் பகுதிப் பொறுப்பாளர் ஒரு தாளைக் கொடுத்து ஒலிப்பதிவு செய்து தரச் சொன்னார். உதவி அட்டை வைத்திருப்போர் புதுப்பிப்பதற்காகக் கட்சி அலுவலகத்தை அணுகவும் என்பதே அதில் இருந்த வாசகம். வீட்டில் பேசினால் குக்கர் சத்தம் பதிவில் விழுந்துவிடும் என்பதால் வேனுக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசி, அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். அதை அவர்களுடைய சொந்த ஜீப்பில் ஓடவிடுவதாகச் சொன்னார்கள். எனக்கு வியாழக்கிழமை மெத்தைக் கடை வேலை இருந்ததால் சரி என்றேன். அட்டையைப் புதுப்பிக்கக் கட்சி அலுவலகத்துக்கு ஏன் போக வேண்டும் என்று நான் யோசித்தேனா என்று அய்யா கேட்கிறார். யோசிக்கவில்லை. மெத்தை வாங்கினால் தலையணை ஏன் இலவசம் என்றும் நான் யோசித்ததில்லை.

அதன் பிறகு வியாழக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியில் ஒரு ஆள் இல்லை, குழாயடியில் வாளிகள் மட்டும் வரிசையாக நின்றன. என் வீடும் பூட்டியிருந்தது. படியேறினாலே நின்று நின்று வருகிற என் மனைவி எங்கே போனார் என்று பயந்துபோய் நான் படியிலேயே உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர் கீழ் வீட்டு டெய்லர் அக்காவின் தோளைப் பிடித்தபடி வெயிலில் நடந்து வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. எங்கே போனாய் என்று கேட்டேன்.

"அட்டையைக் குடுத்துட்டு வர்றேங்க. பெரிய வரிசை. இன்னிக்கு விட்டா போச்சாம்ல."

"யார் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? நான் காலையிலிருந்து மெத்தைக் கடையில நிக்கிறேன்."

"ஜீப்ல உங்க குரல் வந்துச்சே. இன்றே கடைசின்னு மூணு தடவை சொன்னீங்க. ஊருக்குச் சொல்றவர் எனக்குச் சொல்லாமலா இருப்பார்னு ஓடினேன்."

டெய்லர் அக்கா, "அண்ணே குரலைக் கேட்டுத்தான் நாங்க எல்லாருமே போனோம், கட்சிக்காரனை யார் நம்புவா?" என்று என்னைப் பாராட்டுவதாக நினைத்துச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தது நினைவிருக்கிறது, சாப்பிட்டது நினைவில்லை.

அன்று மாலை பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் வந்து விஷயம் அறிந்து, "அது அரசாங்க அட்டைம்மா, கட்சிக்காரங்க வாங்கி வைக்கவே கூடாது" என்றார். என் மனைவி, "அட்டையில யார் படம் போட்டிருக்கு? உன் படமா?" என்றார். "அது வரிப்பணம்மா, நீ சோப்பு வாங்கும்போது கட்டின வரி" என்றார் மகள். அதற்கு என் மனைவி, "அப்போ சோப்பை எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரியில நீட்டுறேன், ஊசி போடுறாங்களான்னு பாரு. எனக்கு யார் மெஷின் குடுத்தாங்களோ அவங்களுக்குத்தான் என் ஓட்டு. நீ உனக்குப் பிடிச்சவங்களுக்குப் போட்டுக்க, நான் கேக்க மாட்டேன்" என்றார். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினேன். வீட்டில் என் வேலை அதுதான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனைக்குச் சென்றோம். பதிவு செய்யும் இடத்தில் இருந்த அம்மா அட்டையைக் கேட்டார். புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம் என்றேன். "புதுப்பிக்கவா? இதுக்குக் காலாவதியே கிடையாதுங்களே. யார் சொன்னா?" என்றார். யார் சொன்னது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. என் மனைவியின் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைமை நர்ஸ் வந்து, இந்த ஒரு தடவை விடுகிறேன், செவ்வாய்க்கிழமை அட்டை இல்லாமல் வந்தால் கணினியே பெயரை ஏற்காது, என் கையிலும் இல்லை என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.

அதன் பிறகு சனிக்கிழமை காலை கட்சி அலுவலகம் சென்றேன். மேசைக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. வாய் கட்டப்படாததால் உள்ளே அட்டைகள் தெரிந்தன. பொறுப்பாளர் பலகையில் காலை நீட்டித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்பி, என் வீட்டுக்காரிக்குச் செவ்வாய்க்கிழமை இயந்திரம், அட்டையை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"அண்ணே, எல்லாம் பத்திரமா இருக்கு. எலெக்‌ஷன் ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்திடறோம்."

"அதுவரைக்கும் அவ தாங்க மாட்டா தம்பி."

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்களேண்ணே. ஆமா, உங்க பொண்ணு எங்களைத் திட்டி போன்ல ஏதேதோ போடுதாமே? கொஞ்சம் சொல்லி வைங்க."

அட்டையை வாங்கி வைப்பது தப்பில்லையா, கடைசி நாள் என்று ஏமாற்றலாமா என்று நான் கேட்டதற்கு அவர் கோபப்படவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து நான் படித்த அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்து, "நாங்க 'அணுகவும்'னுதானே எழுதியிருக்கோம்? கடைசி நாள்னு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். பிறகு தன் போனில் என் ஒலிப்பதிவைப் போட்டார். அந்த அறையில் என் குரல் என்னைப் பார்த்து முந்துங்கள் என்றது. அங்கிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். வழக்கமாக முதலில் சிரிப்பவன் நான். அன்று நான் அந்தத் தாளை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை வேனைக் குடியிருப்பின் முற்றத்தில் நிறுத்தி, மைக்கை நேரடியாக இணைத்து நானே பேசினேன். பெரியோர்களே தாய்மார்களே, அட்டைக்குக் காலாவதி கிடையாது, அது நம்முடையது, அதற்கும் ஓட்டுக்கும் சம்பந்தம் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் அட்டையைத் திரும்ப வாங்க என்னோடு வாருங்கள் என்று சொன்னேன். முடிக்கும்போது வாய்ப் பழக்கத்தில் அந்த "முந்துங்கள், இன்றே கடைசி"யும் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

கதவுகள் திறந்தன, ஜனங்கள் இறங்கி வந்தார்கள். என்னோடு வரத்தான் வருகிறார்கள் என்று நினைத்து வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, வயதானவர்கள் முதலில் ஏறுங்கள் என்று கூடச் சொன்னேன். டெய்லர் அக்கா முன்னால் வந்து, "மைக்கை நிறுத்துங்க அண்ணே" என்றார்.

"உங்க அட்டைக்கும் சேர்த்துத்தான்மா பேசுறேன்."

"யார் உங்களைப் பேசச் சொன்னா? அவன் காதுல விழுந்தா எங்க அட்டையைக் கிழிச்சு வீசிடுவான். என் ரெண்டு புள்ளைங்க படிப்பும் அந்த மூட்டையிலதான் கெடக்கு. நாங்க அவனுக்கே போட்டுட்டுப் போறோம், உங்களுக்கு என்ன வந்துச்சு?"

பின்னால் இருந்து, போன தேர்தலில் எவனிடம் வாங்கித் தின்றானோ, இன்று யாரிடம் வாங்கினானோ என்று ஒரு குரல் கேட்டது. நான் பதில் சொல்ல மைக்கை வாயருகே கொண்டு போனபோது ஒரு இரும்பு வாளி பறந்து வந்து வலப்பக்கக் கூம்பில் பட்டது. அதன் பிறகு இன்னும் சிலர் வேன் மீது ஏறினார்கள். கூம்புகள் இரண்டும் கீழே விழுந்தன. கட்சிக்காரர் ஒருவர்கூட அந்த இடத்தில் இல்லை. எல்லோரும் என் அக்கம் பக்கம். என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

இடப்பக்கக் கூம்பு கீழே கிடந்தபடியே இரைந்துகொண்டிருந்தது. அப்போது என் மனைவி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இரண்டு மாடியும் இறங்கி வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேனுக்குள் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன அந்தக் கையில் ஒயரைப் பிடித்தபடி, "உங்க குரலை நம்பித்தான் குடுத்தேன். இப்போ வாயை மூடுங்க. நான் உயிரோட இருக்கணும்" என்றார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் என்னை வாயை மூடச் சொன்னது பலமுறை உண்டு. இப்படிச் சொன்னது கிடையாது. நான் மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு என் மகள் தேர்தல் புகார் எண்ணுக்குப் பேசினார். அதன் பேரில் பறக்கும் படையினர் வந்து கட்சி அலுவலகத்திலிருந்து மூட்டையைக் கைப்பற்றி, அரக்கு வைத்து முத்திரை இட்டு எடுத்துச் சென்றார்கள். எனக்கு மனம் லேசாகி, அட்டைகளை இப்போதே பிரித்துக் கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். இது வழக்குச் சொத்து, நீதிமன்றத்தில் ஒப்படைத்து உத்தரவு வாங்கிய பிறகே தர முடியும், நாளாகும் என்றார்கள். தெருவில் வேடிக்கை பார்த்த ஜனங்கள் காதில் அது விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டெய்லர் அக்கா மட்டும், "அவங்க குடுத்தாங்க. நீங்க புடுங்கிட்டீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நாளை மறுநாள் வாக்குப்பதிவு. எங்கள் குடியிருப்பு மொத்தமும் யாருக்குப் போடும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கட்சிக்கு நான் இத்தனை வருடம் கத்தி வாங்கிக் கொடுத்த ஓட்டைவிட, ஞாயிற்றுக்கிழமை ஒரு காலையில் வாங்கிக் கொடுத்தது அதிகம்.

வாளி எறிந்தவர் யார் என்று அய்யா கேட்டார். தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அப்படி எழுத வழியில்லை என்றார். ஆகவே அடையாளம் தெரியாத நபர் என்று எழுதப்பட்டது. ஒலிபெருக்கி உடைந்தது குறித்து எனக்குப் புகார் இல்லை. ஒயரைப் பிடுங்கியவர் பேரிலும் இல்லை.

அட்டையை விருப்பப்பட்டுத்தான் கொடுத்தோம் என்று நானும் என் மனைவியும் சொல்லிவிட்டால் வழக்கே நிற்காது, அட்டை உடனே கைக்கு வரும் என்று பொறுப்பாளர் நேற்று ஆள் அனுப்பினார். அப்படியே சொல்லுங்கள் என்று என் மனைவியும் கேட்டுக்கொண்டார். விருப்பப்பட்டுக் கொடுத்தாரா என்று அய்யா இப்போது கேட்பதால் சொல்கிறேன்: இல்லை. இழந்துவிடுவோம் என்ற பயத்தில் கொடுத்தார். அந்தப் பயத்தை உண்டாக்கியது என் குரல். இதை அவர் சம்மதம் இல்லாமல்தான் சொல்கிறேன்.

நாளை செவ்வாய்க்கிழமை. நீதிமன்ற உத்தரவு வரும்வரை அட்டைக்கு ஈடாக மருத்துவமனைக்கு நிலையத்திலிருந்து ஒரு சான்று எழுதிக் கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். மேலிடத்தில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று அய்யா தெரிவித்துள்ளார்.

இதுவரை எழுதியதை எழுத்தர் எனக்கு வரி விடாமல் படித்துக் காட்டினார், கேட்டேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. இதில் உள்ள அனைத்தும் நான் கண்டும் கேட்டும் செய்தும் அறிந்த உண்மை. என் மனைவி இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அட்டையோடு வெளியே வருவேன் என்று நினைத்து வந்திருக்கிறார். அது இன்று கிடைக்காது என்பதை அய்யா அவர்களே வெளியே வந்து அவரிடம் சொல்ல வேண்டும். என் வாயால் சொன்னால் அவர் இனி நம்பமாட்டார்.

(கையொப்பம்)