எரிக்காத துண்டு

இல்லைத் தம்பி, தமிழிலயே கேளும். நான் எங்கட ஆள்தான். சண்முகராசா. இஞ்ச லண்டனில மிச்சம் எண்ட இடத்திலதான் இருக்கிறன், பிள்ளையள் ரெண்டும் கலியாணம் கட்டிப் போட்டுதுகள். ஓம், சிங்கக்கொடிதான். பையின்ர சிப் பழுதாப்போய் வாலும் ஒரு காலும் வெளிய வந்திட்டுது. நீர் இந்த ட்ராமில ஏறின நேரம் தொடக்கம் என்ர முகத்தையும் பையையும் மாறி மாறிப் பாத்தனீர், நான் கண்டனான். பிழையில்லை. மாசி நாலு, இலங்கையின்ர சுதந்திர நாளில, கையில கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வாற பெடியனுக்கு முன்னால ஒருத்தன் சிங்கக்கொடியோட குந்திக்கொண்டிருந்தால் விசர் வரும்தானே.

இது ஏத்திற கொடி இல்லைத் தம்பி. எரிக்கிற கொடி.

ஆ, இப்பதான் சிரிக்கிறீர். அதேதான். இலங்கை எம்பசிக்கு முன்னால வருசா வருசம் எரிக்கிற கொடி. நீரும் அங்கதானே? கிழக்குக் குரோய்டனில ரெயின் பிடிச்சு விக்ரோறியா போவீர், என்ன? நான் வழமையா விம்பிள்டன் பக்கத்தாலதான் போறனான். இண்டைக்கு இந்தப் பக்கம் வந்தனான். சும்மாதான்.

அம்பலவாணனைத் தெரியுமோ? பாத்தீரே, அவனைத் தெரியாத சனமே இல்லை. ஓம், போன வருசம் பேப்பரில வந்த அதே படம். ஒரு கையில தடி, மற்றக் கை மேல, அவன்ர கண்ணாடியில நெருப்புத் தெரியுது. நல்ல படம்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. அந்தப் படத்தில வலப்பக்கக் கரையில ஒரு தோள்மூட்டுத் தெரியும், சாம்பல் ஜக்கெற். கவனிச்சிருக்கமாட்டீர். அது நான்.

பொறும், போன் அடிக்குது. அவன்தான். அடிக்கட்டும். கொடி எங்கயடாப்பா எண்டு கேக்கத்தான். பதினொரு மணிக்குக் கொளுத்த வேணுமாம்.

அவன் இருக்கிறது இல்ஃபோர்டில. கொடி எங்கட வீட்டில தைக்கிறது. அதால கொண்டுபோறது நான், எரிக்கிறது அவன். இப்பிடித்தான் இவ்வளவு காலமும். நான் ஏன் எரிக்கிறேல்லை எண்டோ? எனக்கு நெருப்பெண்டால் பயம் தம்பி. நான் வேலை செய்யிறது பெற்றோல் செட்டில. லைற்றர் எத்தினை ஆயிரம் வித்திருப்பன், ஆனா பம்படியில ஒருத்தன் சிகரெட்டோட காரால இறங்கினால் உடன பம்மை நிப்பாட்டிப் போடுவன். ஒருக்கா அவனே கேட்டவன், டேய் சண், இந்த முறை நீ கொளுத்தன் எண்டு, அவ்வளவு சனத்துக்கும் முன்னால, லைற்றரை நீட்டிக்கொண்டு. நான் கையைப் பின்னால கட்டிப்போட்டு நிண்டன். என்ர மனிசி கலாவதியும் அண்டைக்கு வந்து நிண்டவ. அவ என்னை ஒருக்காப் பாத்தா. பிறகு அவனைப் பாத்தா. அவ்வளவுதான். ஏதும் சொல்லியிருக்கலாம்.

இல்லையில்லை, பொலிஸ் பிடிக்காது. இஞ்ச கொடி எரிக்கிறது குற்றமில்லை. ஆரையும் வெருட்டாமல், சனத்துக்கு ஆபத்து வராமல் எரிச்சால் சரியாம். போன வருசம் ஒரு பொலிஸ்காரி கிட்ட வந்தா. நான் ரெண்டடி பின்னால போனன். அவ அம்பலவாணனிட்ட வந்து, சேர், உங்கட சால்வையைக் கொஞ்சம் பின்னால போடுங்கோ, பத்தியிடும் எண்டு சொல்லிப்போட்டுப் போறா! ஊரில செக்பொயின்றில இதே கொடிக்குக் கீழ சைக்கிளால இறங்கி, தலையைக் குனிஞ்சு உருட்டிக்கொண்டு போனவன் நான். இஞ்ச அதை எரிக்கிறதுக்குப் பொலிஸ் காவல். அண்டைக்கு ரெயினில வரேக்க முழுக்க அதைத்தான் யோசிச்சன். விட்டால் மனிசன் எதையும் எரிப்பான், அது விளங்குது. ஆனா எரிக்க விடுறவன்தான் பெரிய ஆள் மாதிரியும் கிடக்கு. சரி, எனக்கென்ன அரசியல் தெரியும்.

கொடி எங்க வாங்கிறது எண்டோ? அதுதான் கதை. முதல் வருசம் கொடி வேணுமெண்டு நான் தமிழ்க்கடையெல்லாம் ஏறி இறங்கினன். எங்கட கடையில சிங்கக்கொடி இருக்குமே? கேட்ட இடத்தில உலக்கையால அடிக்காத குறை. பிறகு இன்ரநெற்றில ஓடர் பண்ணினன். வந்தது நைலோன். அம்பலவாணன் பேச்செல்லாம் பேசி, கமராக்காரர் எல்லாம் சுத்தி நிக்க, கொளுத்தினால் பத்தேல்லை. உருகுது. உருகி அவன்ர காலில சொட்டுது. சப்பாத்து எரிஞ்சுது தம்பி, சிங்கம் எரியேல்லை! ரோட்டுக்கு அங்கால நிண்ட சிங்களச் சனம் கைதட்டிச் சிரிச்சுது.

சிரியும், சிரியும். நானும் உள்ளுக்குள்ள சிரிச்சனான். பொய் சொல்லக்கூடாது, எனக்கு அண்டைக்கு நல்ல சந்தோசம்.

கலாவதிக்குத்தான் பொறுக்கேல்லை. வீட்ட வந்து சப்பாத்தைக் கூடக் கழட்டேல்லை, ஒரு கொடியைக்கூட ஒழுங்கா எரிக்கத் தெரியாத சனம் எண்டு பேசிப்போட்டு, தையல் மெசினைத் தூக்கி மேசையில வைச்சா. அடுத்த வருசத்துக்கு அண்டைக்கே தொடங்கினா. சுத்தப் பருத்தி. மெரூன் துணி ஒரு கடையில, சிங்கத்துக்கு மஞ்சள் வேறொரு கடையில. சிங்கத்தை வெட்டி ஒட்டுத்தையல் போட்டு, நகம், மீசை, வாளின்ர பிடி எல்லாம் நூலால எடுக்கிறா. எரியப்போற சிங்கத்துக்கு மீசை என்னத்துக்கு எண்டு கேட்டன். அரைகுறையாத் தைச்சால் நாங்கள் வேற ஏதோ பூனையை எரிச்ச மாதிரிப் போயிடும் எண்டா. அப்ப என்ர வேலைக்குப் போற காற்சட்டை மடிப்பு அவிண்டு போய்க் கிடக்கு. சட்டை ஊசி குத்திக்கொண்டு செட்டுக்குப் போறன். மாதக்கணக்கா. சிங்கத்துக்கு மீசை வைக்கிற மனிசிக்கு அது கண்ணில படேல்லை.

அது கூடப் பரவாயில்லை. இந்தத் துண்டு இருக்குதே, இதைப் பாரும். கொடியின்ர கரையில பச்சையும் செம்மஞ்சளும். செம்மஞ்சள் நாங்களாம், பச்சை முஸ்லிம் ஆக்களாம், கொடி செய்தவங்கள் அப்பிடித்தானே சொல்லுறாங்கள். கலாவதி சொல்லிப்போட்டா, எங்கட பங்கை நாங்களே எரிக்க ஏலாது, மற்றவையின்ர பங்கை எரிக்க எங்களுக்கு உரிமையும் இல்லை எண்டு. அம்பலவாணன் வாதாடிப் பாத்தான். முழுக்கொடியும் எரிஞ்சாத்தான் படத்துக்கு நல்லாயிருக்கும் எண்டான். அவ அசையேல்லை. இந்தக் கரைத் துண்டை மட்டும் நூலோட்டினாப்போல மெல்லமாப் பொருத்தி விடுவா. கொளுத்திறதுக்கு முன்னால அவன் ஒரு இழுவை இழுத்தால் கையோட வந்திடும். வந்ததை மடிச்சுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சிட்டுத்தான் மிச்சத்தை எரிப்பான். அதையே கைதட்டிப் பாக்கச் சனம் வரும்.

பிறகுதான் விசயம். எரிச்சு முடிஞ்ச பின்னேரம் அவன் இல்ஃபோர்டுக்குப் போகமாட்டான். லண்டனின்ர அந்தப் பக்கத்து ஆள், இந்தப் பக்கம் மிச்சத்துக்கு வருவான். கையெல்லாம் புகை மணம். வாசலில நிண்டு, இந்தாரும் கலா, உம்மட பங்கு எண்டு அந்தத் துண்டைக் குடுப்பான். நானும் அண்டைக்கு முழுக்க அவனோடதான் நிண்டனான். என்னட்டக் குடுத்துவிட்டால் நான் கொண்டு வரமாட்டனே? குடுக்கமாட்டான். அவ அதைத் தோய்ச்சு, அயன் பண்ணி, அலுமாரியில கூறைச்சீலை மடிப்புக்குள்ள வைப்பா. அடுத்த வருசக் கொடிக்கும் அதே துண்டுதான். எல்லாக் கொடிக்கும் இந்த ஒரே துண்டுதான் தம்பி. அவவின்ர கையால அவன்ர கைக்கு, அவன்ர கையால அவவின்ர கைக்கு. இடையில பையைத் தூக்கிக்கொண்டு ஒரு சாம்பல் ஜக்கெற்.

கலா. கேட்டீரோ? நான் ஒரு நாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. இஞ்சரும் எண்டுதான். அவையள் ஊரில ஒரே ரியூசனில படிச்சவையாம். அந்த நாளில இருந்து வாயில வந்த பேராம்.

சீ, சீ. அப்பிடி ஒண்டுமில்லை. அவனுக்குக் குடும்பம் இருக்கு, மேரிறோஸ் எண்டு, தங்கமான மனிசி. எனக்கு ஒண்டுமில்லை எண்டு தெரியும். எப்பிடித் தெரியுமெண்டால், வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், ஒருநாள் கலாவதி குளிக்கேக்க அவவின்ர போனை எடுத்துப் பாத்தனான். அவனோட கதைச்சதெல்லாம் கிடந்தது. ஆறடி நீளம் போதுமோ, தடி மூங்கிலோ, சனிக்கிழமைக்குள்ள முடியுமோ. அவ்வளவுதான். ஒரு சொல்லு வேற இல்லை. அதைப் பாத்த பிறகுதான் தம்பி எனக்குக் கூட வயிறெரிஞ்சுது. ஏதும் இருந்திருந்தால் சண்டை பிடிச்சிருப்பன். ஆறடி நீளத்தோட நான் எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?

திரும்ப அடிக்கிறான். நிப்பாட்டி வைப்பம்.

பிடிச்சுப் பாரும், பயப்பிடாதையும், துணிதானே. இந்த முறை மெசினில தைக்கேல்லை, முழுக்கக் கையால. மெசினில நிமிந்து இருக்க ஏலாமல் போச்சு. கட்டிலில தலகாணியை முண்டு குடுத்துக்கொண்டு தைச்சவ. ஓம், கொஞ்சம் சுகமில்லாமல். மீசையைப் பாரும். ஒவ்வொரு மயிரும் தனித்தனி. கண்ணுக்குள்ள ஒரு வெள்ளைப் பொட்டு வைச்சிருக்கிறா, பாக்கிற மாதிரியே கிடக்கு. இந்தச் சனியன் பிடிச்ச மிருகத்துக்கு இவ்வளவு வடிவான கண்ணை ஆரும் வைப்பினமே? நான் சிங்கத்தைப் பாத்து எரிச்சல்படுற நிலைமைக்கு வந்திட்டன்.

இப்ப இந்தக் கரையைப் பாரும். ஓம், கோணல்தான். ஒரு தையல் நீளம், ஒரு தையல் கட்டை. அது அவவின்ர இல்லை. அவ இந்தத் துண்டைப் பொருத்தேல்லை. அது நான் பொருத்தினது. எனக்கு ஊசியில நூல் கோக்கவே அரை நாள் போச்சு. இழுத்துப் பாரும். வடிவா இழும். வராது. அது தூண்டில் நூல், ரெண்டு வரி ஓடியிருக்கிறன். அம்பலவாணன் இல்லை, அவன்ர பரம்பரையே வந்து இழுத்தாலும் வராது. இந்தத் துண்டைக் கழட்டாமல் எரிக்கக்கூடாது எண்டது கலாவதியின்ர சட்டம். கழட்ட ஏலாட்டில்? நீரே சொல்லும்.

தெரியும் தம்பி, தெரியும். அங்க சனம் காத்துக்கொண்டு நிக்கும். சண்முகராசா கொடியோட ஓடிட்டான், சிங்களவனிட்டக் காசு வாங்கிட்டான், துரோகி எண்டு பின்னேரத்துக்குள்ள மிச்சம் ஊர் முழுக்கக் கதை வந்திடும். எரிக்க உரிமை இருக்கிற நாட்டில எரிக்காமல் விடவும் உரிமை இருக்கத்தானே வேணும்? பொலிஸ்காரியைக் கேட்டால் இருக்கு சேர் எண்டுவா. எங்கட சனத்தைக் கேட்டுப் பாரும். நீர்கூட என்னை இப்ப ஒரு மாதிரித்தான் பாக்கிறீர்.

அந்தா, அந்த ரெண்டு பெரிய புகைக்கூண்டும் தெரியுதே. அது தளபாடக் கடையின்ர. முந்தி மின்சாரம் எடுத்த இடமாம், இப்ப புகை வாறேல்லை. நான் இதில இறங்கிறன். இல்லை, பாதை மாறேல்லை. இதில இருந்து கொஞ்சம் நடந்தால் இன்னொரு புகைக்கூண்டு இருக்கு, சின்னன். அதில வரும்.

கார்த்திகையில கலாவதியை அங்கதான் கொண்டுவந்தது. இஞ்ச நெருப்பைக் கையில தாறேல்லைத் தம்பி, ஒரு பித்தான்தான். ஐயர் என்ர விரலைப் பிடிச்சு வைச்சார், நான் அமத்தினன். என்ர சீவியத்தில நான் எரிச்சது அது ஒண்டுதான். அம்பலவாணன் பின்னால நிண்டு குழறி அழுதான், என்னை விடச் சத்தமா. அந்த நேரத்திலயும் அதைக் கவனிச்சன் பாரும், நான் என்ன மனிசன்.

அங்க குந்த ஒரு வாங்கு இருக்கு. இதை மடியில வைச்சுக்கொண்டு பதினொரு மணி தாண்டுமட்டும் இருக்கப்போறன். அவன் எரிச்சதெல்லாம் அவனுக்கு. இது என்னட்ட இருக்கட்டும்.

தம்பி, ஒரு உதவி. அங்க அம்பலவாணனைக் கண்டால், இந்த முறைக் கொடியை எரிக்கவேண்டாம் எண்டு கலாவதி சொன்னவவாம் எண்டு சொல்லிவிடும். அதைச் சொன்னால் அவன் வாய் திறவான்.

உண்மையாச் சொன்னவவோ எண்டோ? இல்லை. கடைசியா வாயைத் திறந்து, இஞ்சருங்கோ எண்டு கிட்டக் கூப்பிட்டா. எனக்குத்தான் ஏதோ சொல்லப்போறா எண்டு காதைக் கொண்டுபோய் வைச்சன். கொடியை மறக்காமல் அம்பலவாணனிட்டக் குடுத்துவிடுங்கோ எண்டா. பிறகு கதைக்கேல்லை.

கதவு திறந்திட்டுது. வாறன் தம்பி.