விசிலுக்கு நிக்காத சைக்கிள்

— கதவுக்கு முட்டுக் குடு லே சேசு! அந்தப் பெஞ்சை இழு. முழுசா இழு, மூதி!

— இழுத்துட்டேன் ஏட்டையா. தாப்பா பாதி பேந்து நிக்கி. இன்னும் ரெண்டு மிதி மிதிச்சாகன்னா கதவு உள்ள வந்துரும்.

— வராது. நீ சன்னலை விட்டுத் தள்ளி நில்லு. தலை தெரிஞ்சா கல்லு வரும்.

— எம்புட்டு சைக்கிளு ஏட்டையா! ரோட்டையே காணோம். பட்டாசுக் கம்பெனி விட்டு வந்த அம்புட்டுப் பேரும் நம்ம செக்போஸ்ட்டு முன்னாடி தான் நிக்காக. புளியமரம் வரைக்கும் தலை தான் தெரியுது.

— பாத்துக்கிட்டே இரு. வேணும்னா வெளிய போயி அவனுகளுக்கும் கேசு எழுது. பெல்லு இல்லை, லைட்டு இல்லைன்னு.

— ஐயோ! என்னமோ உள்ள விழுந்துச்சு. ஏட்டையா, திரி எரியுது! வெடி!

— காலால தள்ளி விடு! கையால எடுக்காதே! லே, எடுக்காதே!

— மாதாவே! என் கை... என் கை போச்சு ஏட்டையா!

— காட்டு. காட்டுங்கிறேன்ல. விரலு எல்லாம் இருக்கு, தோலு தான் உரிஞ்சு தொங்குது. தண்ணிப் பானைக்குள்ள விடு. பகல் பூரா உக்காந்து கட்டுன அணுகுண்டு வெடியை நம்ம தலையிலயே போடுறானுக, பாத்தியா.

— எரியுது ஏட்டையா. தாங்க முடியலை. மைக்ல ஸ்டேசனுக்குச் சொன்னீகளே, போலீசு வேன் எப்ப வரும்?

— வரும். மந்திரி வாராருன்னு பாதிப் பேரைப் பந்தோபஸ்துக்கு அனுப்பிட்டானுக. டவுன்ல இருந்து ஆளு சேத்துக்கிட்டு வரணும்ல. செல்லுலயும் டவர் இல்லை. அது வரைக்கும் கீழ கிடக்கிற இந்தச் சைக்கிளுக்காரன் மூச்சு விட்டுக்கிட்டுக் கிடந்தாப் போதும். இவன் உள்ள உசுரோட இருக்கான்னு தான் இன்னும் தீ வைக்காம இருக்கானுக.

— அதுக்குத் தான் இவரை உள்ள இழுத்துட்டு வந்தீகளா?

— பின்ன? ரோட்டுல போட்டிருந்தா அங்கனயே வச்சு நம்ம ரெண்டு பேரையும் மிதிச்சே கொன்னுருப்பானுக.

— ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்னு அப்பவே சொன்னேன். கம்பெனி வேன் ஒண்ணு போச்சு. கையைக் காட்டியிருந்தா நின்னுருக்கும்.

— கம்பெனி வேனை நாம நிப்பாட்டக் கூடாது. உனக்குத் தெரியாதா?

— நல்லாத் தெரியும். பொம்பளைகளை மூட்டை மாதிரி அடைச்சுக்கிட்டு, கதவு கூடச் சாத்த முடியாம வேன் போனா அதுக்கு சல்யூட்டு. மொதலாளி காரு பறந்தா அதுக்கும் சல்யூட்டு. சைக்கிள்ல வாரவனுக்கு மட்டும் லத்தி. நான் இந்தச் செக்போஸ்ட்டுக்கு வந்த நாள்ல இருந்து இதைத் தானே பாக்கேன்.

— நியாயம் பேசுறியோ? மாசக் கடைசி, கேசு கொறையுதுன்னு இன்ஸ்பெக்டரு என்னைத் தான் கடிச்சுத் திங்காரு. மத்தியானம் மொதலாளி மகன் காரை நிப்பாட்டுனேனே, என்ன ஆச்சு? ‘ஜெயச்சந்திரன்னு பேரு வச்சாப் பெரிய ஆளா நீ?’ன்னு கேட்டு, நடு ரோட்டுல என் தொப்பியைத் தட்டி விட்டுட்டுப் போனான். நீ தானே லே குனிஞ்சு எடுத்துக் குடுத்தே? பைக்குக்காரனைப் பிடிச்சா அவன் மாமன் கவுன்சிலரு. சைக்கிளுக்காரனுக்குத் தான் போன் பண்ண ஆளு கிடையாது. நான் என்ன செய்யட்டும்?

— அந்தப் பையன் மேல இருந்த ஆத்திரத்தை இவரு மேல காட்டிட்டீக.

— வாயை மூடு. விசிலடிச்சேனா இல்லையா? மறுபடி மறுபடி அடிச்சேன். ரோட்டுல போற ஆடு மாடு கூடத் திரும்பிப் பாத்துச்சு. இவன் மட்டும் மகராசன் கணக்கா மிதிச்சுக்கிட்டுப் போறான். அத்தனை பேரு முன்னாடி! இவனை விட்டா நாளைக்கு எவன் லே நிப்பான்?

— அதுக்கு, ஓடுற சைக்கிளு வீலுக்குள்ள லத்தியை விடுவாகளா? தலை பாலத்துக் கல்லுல போயி மோதுச்சு. மோதிக் கிடந்தவரை எதுக்கு மறுபடியும் அடிச்சீக?

— பேரு என்ன, ஊரு என்னன்னு கேட்டேன். பதிலே சொல்லாம என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தான். திமிரு. அப்புறம் கையை வேற ஓங்குனான். என் முன்னாடி கையை ஓங்குனான் லே!

— ஓங்கலை ஏட்டையா. காது பக்கம் தான் கொண்டு போனாரு. அடி விழும்னு மறைச்சிருப்பாரு.

— நீ கண்டே! நடந்தது நடந்து போச்சு. குனிஞ்சு பாரு, முழிச்சிருக்கானான்னு.

— அண்ணாச்சி... அண்ணாச்சி... ஏட்டையா.

— என்ன லே?

— மூச்சு இல்லை.

— நல்லாப் பாரு. மூக்குல கையை வச்சுப் பாரு.

— வச்சுட்டேன். நெஞ்சுலயும் சாஞ்சு பாத்துட்டேன். ஒண்ணும் இல்லை. செத்துட்டாரு ஏட்டையா! மாதாவே, நாம ஒரு மனுசனைக் கொன்னுட்டோம்!

— கத்தாதே! வெளிய கேட்டுச்சு, நமக்கும் இதே கதி தான். கொஞ்சம் யோசிக்க விடு. அழுகையை நிறுத்து லே.

— ஐயா! உள்ள இருக்கிற ஐயாமாரே! கல்லு எறியாதீகன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். நான் வேலுத்தாயி. நீங்க அடிச்சு இழுத்துட்டுப் போனீகளே, கருப்பணன், அவரு பொஞ்சாதி. எம் புருசனை எங்கிட்டக் குடுத்துருங்கய்யா.

— சேசு, நீ மூச்சு விடாதே, நான் பேசிக்கிறேன். இந்தாம்மா வேலுத்தாயி! அங்கனயே நில்லு. சன்னல் கிட்ட ஒருத்தரும் வரக் கூடாது. வந்தீக, உன் புருசனுக்குத் தான் ஆபத்து. அவன் நல்லாத் தான் இருக்கான். தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருக்கான். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லு.

— ரோட்டுல ரத்தம் அம்புட்டுக் கிடக்கேய்யா. சோத்துத் தூக்குவாளி நசுங்கிக் கிடக்கு. அவரு மூஞ்சியை ஒரு தடவை சன்னல்ல காட்டுங்க. பாத்துட்டு, நானே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிருதேன்.

— கால்ல அடிம்மா. எந்திரிச்சு நிக்க முடியாது.

— அப்பக் கதவைத் தொறங்க. நான் ஒருத்தி மட்டும் உள்ள வாரேன். எங்க ஊர்ல சைக்கிளு வச்சிருக்கிற அம்புட்டுப் பேரும் உங்க லத்தியை வாங்கியிருக்காக. காத்தைப் பிடுங்கி விட்டீக, உருட்டிக்கிட்டே வீடு வந்து சேந்தாக. ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. இன்னைக்கு எம் புருசனை மட்டும் குடுத்துருங்கய்யா. வேற ஒண்ணும் கேக்கலை.

— கதவைத் தொறந்தா உன் ஆளுக பூந்துருவானுக. என் மேல நம்பிக்கை இல்லைன்னா நீயே அவனைக் கூப்பிட்டுக் கேளு. இங்கன தான், சன்னலுக்குக் கீழ சாஞ்சிருக்கான். பதில் சொல்லுவான்.

— நான் கூப்பிட்டாப் பதில் சொல்லுவாரா?

— கட்டுன பொண்டாட்டிக்குச் சொல்லாம? சொல்லுவான்.

— இங்கன இருந்து கூப்பிட்டாலா ஐயா?

— கூப்பிடும்மா! வாயில அடி பட்டிருக்கு, கொரலு கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். ஒரு நிமிசம் பொறு, அவனை நிமித்தி உக்கார வைக்கேன். லே சேசு, இங்க வா. நீ பேசு.

— நானா? என்ன பேச?

— மெதுவாப் பேசு, மூதி. நீ தான் இப்பக் கருப்பணன். என் கொரலை இந்த வட்டாரமே அறியும். நீ புதுசு. சன்னலுக்குக் கீழ உக்காரு. துண்டை வாயில வச்சுக்கிட்டு முனங்கு.

— செத்தவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவரு பொஞ்சாதிகிட்ட அவரா நான் பேசணுமா? மாட்டேன். அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது ஏட்டையா.

— பாவம் அப்புறம் பாக்கலாம். வெளிய மண்ணெண்ணெய் டின்னு கொண்டாந்துட்டானுக, எட்டிப் பாரு. உசுரோட எரியணுமா? வேன் வார வரைக்கும் தான் லே. பேசு!

— மச்சான்... நான் வேலு கூப்பிடுதேன். கேக்குதா மச்சான்?

— ம்... கேக்குது வேலு.

— பாத்தியா சேசு! ஒரே வார்த்தை தான். அம்புட்டுப் பேரும் வாயை மூடிட்டானுக. ஒரு பெல்லுச் சத்தம் கூட இல்லை.

— எனக்குப் பயமா இருக்கு ஏட்டையா. அந்த அக்கா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுலயே உக்காந்துட்டாக. ரெண்டு பொம்பளைக பிடிச்சுத் தூக்குதாக.

— புருசன் கொரலைக் கேட்ட சந்தோசம். விடாதே, பேசு.

— மச்சான்... நல்லா இருக்கீகளா?

— நல்லா இருக்கேன் வேலு. பெரிய ஐயா வந்ததும் விட்டுருவாக. நீ எல்லாரையும் கூட்டிட்டுப் போ.

— நம்ம செல்வலட்சுமி வாசல்லயே நிக்கா. அப்பா எங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?

— வந்துருவேன்னு சொல்லு. நான்... அப்பா வந்துருவாருன்னு சொல்லு.

— அழாதீக மச்சான். நீங்க எதுக்கு அழுதீக? ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். உங்களை அடிச்சது யாரு?

— சேசு, ஒருத்தரும் அடிக்கலைன்னு சொல்லு. தானா விழுந்தேன்னு சொல்லு.

— யாரும் அடிக்கலை வேலு. நானாத் தான் விழுந்துட்டேன்.

— கம்பெனி வேன்ல போன பொம்பளைக பாத்திருக்காக மச்சான். காக்கிச் சட்டைன்னு தெரிஞ்சுச்சாம், எந்தக் காக்கிச் சட்டைன்னு தெரியலையாம். உள்ள ரெண்டு பேரு இருக்காக. ரெண்டு பேரும் அடிச்சாகளா, ஒருத்தரு தானா? செய்யாதவன் மேல பழியைப் போட்டு எனக்குப் பழக்கம் இல்லை. யாருன்னு சொல்லுங்க.

— விட மாட்டேங்கா. சரி, சின்னப் போலீசு தான்னு சொல்லிரு.

— ஏட்டையா! என்னையே நான் காட்டிக் குடுக்கணுமா? நான் அவரைத் தொடக் கூட இல்லையே!

— உனக்குக் குடும்பம் குட்டி கிடையாது. எனக்கு ரெண்டு பொட்டைப் பிள்ளைக கட்டிக் குடுக்கக் கிடக்கு. வேன் வந்ததும் உன்னை நான் பாத்துக்கிறேன். சொல்லு.

— மச்சான், நான் காத்துக்கிட்டு இருக்கேன்.

— கழுத்தை... கழுத்தை விடுங்க ஏட்டையா!

— சின்னவன்னு சொல்லு லே. சொல்லலை, உன்னை இங்கனயே முடிச்சு, கூட்டத்துல அடிச்சுக் கொன்னுட்டானுகன்னு சொல்லிருவேன். செஞ்சுருவேன், பாத்துக்க!

— ஏட்டு தான் வேலு! பெரியவரு தான்! வீல்ல லத்தியை விட்டது அவரு. விழுந்து கிடக்கும்போது அடிச்சதும் அவரு தான். சின்னவன்... சின்னவன் அடிக்கலை. ஆனாப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தான். தடுக்கலை. கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கலாம், தடுக்கலை வேலு!

— துரோகி! கூடவே இருந்து குழி பறிக்கியா! இந்தா! இந்தா வாங்கிக்க!

— அடிங்க. அந்த மனுசனை அடிச்ச மாதிரியே அடிங்க. ஐயோ, பல்லு! அடிங்க ஏட்டையா, இனி என்ன இருக்கு!

— போதும்யா. அடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. தம்பி, நீ யாரு பெத்த பிள்ளையோ, கடைசில உள்ளதைச் சொன்னே. கதவு இப்ப உடையும். நீ அந்த மூலையில போயி ஒதுங்கி நின்னுக்க. உன் மேல ஒரு கை படாது, நான் சொல்லிட்டேன்.

— யாரைப் பாத்துத் தம்பிங்கிறே? பேசுனது உன் புருசன்டி!

— எம் புருசனா? போன வருசம் கம்பெனில வெடிமருந்து ரூம்பு வெடிச்சதுல அவருக்கு ரெண்டு காதும் போயிருச்சுய்யா. நேருக்கு நேரா நின்னு நான் வாயை அசைச்சாத் தான் அவருக்கு வெளங்கும். முதுகுக்குப் பின்னாடி விசிலடிச்சா, எம் மச்சான் எப்பிடிய்யா நிப்பாரு?