ஓங்கின கை

— குதிரைய உள்ள கொண்டாராதீங்கண்ணா. புது டைல்ஸ். ஹேமந்த் சார் பாத்தா என்னைத்தான் கேப்பாரு.

— அத்த கேட்டாண்ட கட்டிட்டேம்மா. நான் மட்டுந்தான் வரேன். எங்க குந்தறது?

— அந்த சேர்ல உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, டாக்டர் செவ்வாக்கிழமதான் வருவாரு. பேரு, போன் நம்பர் எழுதி வச்சிட்டுப் போங்க, நானே கூப்புடறேன். என் பேரு ரெஜினா.

— டாக்டர் வாணாம்மா. மகாபலிபுரத்துலேர்ந்து பட்டிபுலம் வரைக்கும் ரோட்டோரமாவே நடத்திக் கூட்டினு வந்துகீறேன். ரெண்டு நாளா சரியா துன்னல அது. வழியில மூணு வாட்டி நின்னுடுச்சி. நீங்க ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. வீடியோவ தூக்குங்க, இல்ல குதிரைய வச்சுக்கோங்க.

— எந்த வீடியோண்ணா?

— கண்மணி வீடியோ. ‘இவள் அழுவது உங்களுக்குக் கேட்கிறதா’ன்னு ஒரு பொம்பள கொரலு தேம்பினே பேசுமே, அது.

— அது எங்க டிரஸ்ட்டோட பெரிய வீடியோ ஆச்சேண்ணா. அத வச்சுத்தான் ‘நாலுகால் நேசம்’னா வெளிநாட்டுல கூட தெரியுது. அதுக்கும் உங்களுக்கும் என்ன... ஒரு நிமிஷம். மூஞ்ச கொஞ்சம் இப்படித் திருப்புங்க.

— திருப்பிட்டேன். நல்லா பாரு.

— குச்சி வச்சிக்கிட்டு அடிக்கற ஆளு நீங்கதானா?

— சம்பத்து. பீச்சுல குதிர ஓட்டறவன். வெளிய கட்டிகீறது மேனகா. உங்க வீடியோவுக்குத்தான் அது கண்மணி.

— இல்லண்ணா. கண்மணி செய்யூர் பக்கம் எங்க காப்பகத்துல இருக்கு. சவுக்குத் தோப்பு, பெரிய தண்ணித் தொட்டி, வீடியோ கடைசியில வருமே. நான் இங்க வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. போன் பண்றவங்க எல்லாருக்கும் நான் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்.

— அந்தத் தோப்பு எவனுதோ. டெம்போல ஏத்தினு போனாங்க, ரெண்டு மணி நேரம் படம் புடிச்சாங்க, அதே டெம்போல திருப்பி என் வூட்டாண்ட எறக்கி வுட்டுட்டாங்க. தொட்டியில அதுக்குத் தண்ணி கூட காட்டல. சினிமாக்காரங்க மாதிரி அவசரம்.

— எனக்கு ஊரே செய்யூர்தாண்ணா. லீவுல போறப்ப கண்மணிய பாத்துட்டு வரேன்னு மூணு வாட்டி கேட்டேன். மழ முடியட்டும், ரோடு சரியில்லன்னு சார் சொல்லிட்டே இருந்தாரு.

— மழ முடிஞ்சி எத்தினி மாசம் ஆவுது.

— நீங்க மட்டும் என்னண்ணா? நீங்க அடிச்சதத்தான எடுத்தாங்க. அது பொய் இல்லையே.

— தோ பாரும்மா. ஒரு அடி கூட அடிக்கல. ரெண்டு வருசம் முந்தி அதுக்குக் கொளம்புல சீழ் புடிச்சி காலு ஊன முடியாம நின்னுச்சி. வைத்தியத்துக்கு என்னாண்ட துட்டு இல்ல. உங்க ஹேமந்த் சார் தானா வந்தாரு. வைத்தியம் ஃப்ரீ, ஒரு சின்ன படம் மட்டும் எடுத்துக்கறோம்னாரு. நீ குச்சிய ஓங்கு, அது பயந்து ஒதுங்கணும்னாரு. எங்க ஒதுங்கும்? ஒம்போது வருசமா வெல்லம் குடுத்த கை இது. நான் கைய தூக்கறப்பல்லாம் மூக்க நீட்டினு கிட்ட கிட்ட வருது. குச்சிய மோந்து பாக்குது. பதினோரு டேக்கு. கடசில கேமராக்காரன் பின்னால ஒரு தகர டின்ன போட்டு ஒதைச்சான். அந்த சத்தத்துக்குத் துள்ளிச்சி. அத்தப் பாத்துத்தான் ஊரே அழுவுது.

— நானும் அழுதேண்ணா. இன்டர்வியூக்கு மொத நாள் பாத்துட்டு. இப்படி ஒரு எடத்துல வேல பாக்கணும்னு எங்கம்மாகிட்ட சொன்னேன்.

— காலு சரியாச்சு. அத்த இல்லன்னு சொல்லமாட்டேன். உங்க டாக்டர் நல்ல மனுசன். அன்னிக்கு அவரு வரலன்னா அப்பவே போயிருக்கும்.

— அப்புறம் என்னண்ணா? கால் சரியாச்சுன்னா பழையபடி பீச்சுல ஓட்ட வேண்டியதுதான.

— யாரு ஏறுவாங்க? கோயிலாண்ட நின்னா, ஸ்கூல் பஸ்ஸுலேர்ந்து எறங்கற பசங்க, கண்மணிய அடிச்ச ஆளு டோய்னு கத்துதுங்க. பெங்களூர்லேர்ந்து வந்த ஒரு அம்மா செருப்ப கயட்டிச்சி. கல்யாண சீசன்ல மாப்பிள்ள ஊர்வலத்துக்கு நாலு பேரு அட்வான்ஸ் குடுத்திருந்தாங்க. நாலு பேரும் திருப்பி வாங்கிக்கினாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க வீடியோ பாத்துட்டாங்களாம், ராசியில்லன்னுட்டாங்களாம். எம் பொண்டாட்டி கன்னியம்மா ஓட்டல்ல பாத்திரம் தேய்க்குது. எங்க ரெண்டு பேரு வயித்துக்கே அது பத்தல, குதிரைக்குக் கொள்ளு எங்கேர்ந்து வாங்கறது?

— வீடியோல சொன்ன மாதிரியே பட்டினி கெடக்குதா?

— வீடியோ எடுத்தப்ப அதுக்கு எலும்பு தெரியல. விலாவுல கருப்பு கலர் பூசி நெழல் மாதிரி காட்டினாங்க. இப்ப வந்து பாரு, பூச்சே வாணாம்.

— விக்கறதுன்னா?

— வாங்கத்தான் ஆளு வரான், நாளைக்கு. வாங்கினா எங்கய்யா கொண்டு போவன்னு கேட்டேன். அது இன்னாத்துக்கு உனக்குன்னான். கறிக்குத்தான்னு புரிஞ்சிடுச்சி எனக்கு. அதாம்மா காலையில நாஸ்தா கூட துன்னாம கெளம்பிட்டேன். ஊர் ஒலகத்துக்கெல்லாம் காப்பாத்திட்டோம்னு சொல்றீங்களே, அத்த நெஜமாவே காப்பாத்துங்கன்னு கேட்டு வந்துகீறேன்.

— இங்க எடமே இல்லண்ணா. பின்னாடி நாலு கூண்டு, ஆறு நாயி. அதுலயும் ரெண்டு, மாடிப்படிக்குக் கீழ கெடக்குதுங்க. மத்ததெல்லாம் டேபிளு, கம்ப்யூட்டரு. இருங்க, போன் அடிக்குது. ஜோதிலட்சுமி டீச்சர், மாசாமாசம் பணம் அனுப்பறவங்க. இவங்கள எடுக்கலன்னா அடிச்சிட்டே இருப்பாங்க... சொல்லுங்க மேடம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், ஹெட்போன் ரிப்பேரு.

— ரெஜினா, எப்படிம்மா இருக்கே? பென்ஷன் வந்துடுத்து, ஐநூறு அனுப்பிட்டேன். கண்மணி எப்படி இருக்கா?

— கண்மணி... நல்லா இருக்கா மேடம்.

— குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? அவளுக்கு ஒண்ணுமில்லையே?

— ஒண்ணுமில்ல மேடம். எனக்குத்தான் சளி.

— பின்னால ஏதோ கனைக்கிற சத்தம் கேட்டுதே. கண்மணியா அது? நீ இன்னிக்கு செய்யூர்லேயா இருக்கே?

— ஆமா மேடம். இங்கதான்... பக்கத்துலதான் இருக்கா.

— அடடா. செங்கல்பட்டுல தனியா உக்காந்துண்டு நான் அந்த வீடியோவையே பாத்துண்டிருக்கேன், இன்னிக்குக் குரலே கேட்டாச்சு. பக்கத்துல அவளைப் பாத்துக்கறவர் இருந்தா குடேன். ஒரு வார்த்தை பேசிடறேன்.

— அது வந்து மேடம், அவரு கொஞ்சம்...

— குடும்மா, நான் பேசறேன். வணக்கம்மா. நான்தான் குதிரைய பாத்துக்கறவன்.

— வணக்கம் ஐயா. உங்களுக்குப் புண்ணியமா போகும். என்ன சாப்பிட்டா இன்னிக்கு?

— கேரட்டு துன்னுச்சும்மா. கொள்ளு வேக வச்சிக் குடுத்தேன்.

— வெல்லம் பிடிக்குமா அவளுக்கு?

— உசுரும்மா. வெல்லம்னா உசுரு.

— முப்பத்தி நாலு வருஷம் டீச்சரா இருந்தேன், ஒரு பிள்ளை மேலகூடக் கை நீட்டினதில்லை. அதனாலயோ என்னவோ, அந்த வீடியோ மனசை விட்டுப் போகமாட்டேங்கறது. அந்தப் படுபாவி, அவளை அடிச்சானே, அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தாங்களா?

— அவன் செத்துட்டாம்மா.

— எப்படி?

— பட்டினியில.

— ...சாமி சும்மா விடாதுன்னு இதைத்தான் சொல்றது. சரி ஐயா, அவளை நல்லா பாத்துக்கோங்க. அடுத்த மாசத்துலேர்ந்து ஆயிரமா அனுப்பறேன்.

— வச்சிட்டாங்க. ஏண்ணா அப்படிச் சொன்னீங்க? நீங்க உண்மைய சொல்லிடுவீங்கன்னு நான் போன புடுங்கப் பாத்தேன்.

— சொல்லத்தான் போன வாங்கினேன். அந்தம்மா ஐயான்னு கூப்ட்டுச்சி. ரெண்டு வருசமா என்ன யாரும் அப்படிக் கூப்டல. சொல்ல வாய் வரல... அது கெடக்கட்டும். அந்தம்மா அனுப்பற ஐநூறு எங்க போவுது?

— தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு முழுசா தெரியாது. நூறு ரூபா வந்தா எழுவது ரூபா அந்த வீடியோவ இன்னும் நாலு பேரு போன்ல காட்டறதுக்குப் போவுதுன்னு அக்கவுண்ட்ஸ் தேவசகாயம் சார் சொல்லுவாரு.

— காட்டினா?

— இன்னும் துட்டு வரும்.

— வந்தா?

— மறுபடி காட்டுவாங்க. மிச்சத்துல வாடக, எங்க சம்பளம், சார் வண்டி, நாய்ங்க சோறு.

— அப்ப அந்தம்மா பென்ஷன்ல எடுத்து அனுப்பறது, நான் குச்சி ஓங்கறத இன்னும் நாலு பேருக்குக் காட்டறதுக்குத்தான். அவங்க பாத்துட்டு என் குதிர மேல ஏற மாட்டாங்க. அந்தம்மா பஸ்ஸு புடிச்சி வந்து பீச்சுல ஒரு ரவுண்டு ஏறியிருந்தா கூட ரெண்டு நாளு கொள்ளுக்கு ஆயிருக்கும். இன்னா பேஜாரும்மா இது.

— நீங்க உக்காருங்கண்ணா. என் டிபன் பையில ரெண்டு வாழப்பழம் இருக்கு, அதுக்குக் குடுத்துட்டு வரேன்.

— நானும் வரேன். புது ஆளுன்னா கடிச்சாலும் கடிக்கும்.

— அய்யோ, விலாவெல்லாம் எண்ணிடலாம் போல இருக்கே. தோலோட முழுங்குது பாருங்க. ஆனா பயப்படுதேண்ணா. நீங்க கிட்ட வந்ததும் எப்படி சுவத்தோரமா போவுது.

— புது எடம். அதான்.

— இது என்ன தொடையில, நீளமா கோடு? இன்னும் காயவே இல்லையே.

— முள்ளுக்கம்பி இழுத்துச்சி. வுடு, மருந்து வச்சிகீறேன்.

— சார் என் செல்லுக்குப் போன் பண்றாரு. கேட்ல கேமரா இருக்கு, அதுல பாத்திருப்பாரு. இருங்க... சார். ஆமா சார். அவர்தான் சார். வீடியோவ எடுக்கச் சொல்லிக் கேக்கறாரு... இல்ல சார், சத்தமெல்லாம் போடல... ஆமா, ரொம்ப மோசமா இருக்கு சார், நிக்கவே... சார்? ...இப்பவா சார்? ...ரெண்டு வாழப்பழம் குடுத்துட்டேன் சார். இல்ல, இனிமே குடுக்கல... அவர்கிட்ட எப்படி சார் நான்... சரி சார். கேக்கறேன்.

— இன்னா சொல்றாரு?

— வீடியோவ எடுக்க முடியாதாம். எடுத்தாலும் இந்தி, இங்கிலீஷ்னு வேற வேற ஆளுங்க போட்டுக்கிட்டு இருக்காங்களாம், அது அவர் கையிலயே இல்லையாம்.

— குதிர?

— ரெண்டாவது பாகம் எடுக்கலாங்கறாரு. கண்மணிய காப்பகத்துலேர்ந்து அந்த அடிச்ச ஆளே திருடிட்டுப் போயிட்டான், இந்தக் கோலத்துல மீட்டோம்னு. நீங்க மறுபடி குச்சிய ஓங்கணுமாம். எடுத்தா ரெண்டு மாசத்துக்குக் கொள்ளு, புல்லு, டாக்டர் எல்லாம் டிரஸ்ட் செலவு. நாளைக்கு வர்ற ஆள வர வேணாம்னு சொல்லிடுங்கன்னாரு. எடுக்கற வரைக்கும் அதுக்கு எதுவும் குடுத்துடாதீங்கன்னாரு... நீங்க வேணாம்னு சொல்லிடுங்கண்ணா. உங்களுக்கு மானமாவது மிச்சம் இருக்கட்டும்.

— வாணாம்னா நாளைக்கு அந்த ஆளு வருவான்.

— ...வருவான்.

— டீச்சரம்மாகிட்ட நான் செத்துட்டேன்னு சொல்லிட்டேனேம்மா.

— நான் ஏதாவது சொல்லிக்கறேண்ணா. அதுக்குத்தான எனக்குச் சம்பளம்.

— ரெண்டு மாசம்னா மழைக்கு முன்னால கொஞ்சம் ஒடம்பு தேறிடும். எத்தன மணிக்கு வராங்க?

— ரெண்டு மணிக்குக் கேமராமேன். போன வாட்டி மாதிரி பதினோரு டேக் ஆச்சுன்னா வெளிச்சம் போயிடுமேன்னுதான் சாருக்குக் கவல. பழைய டின்னு இருக்கான்னு தேடச் சொன்னாரு.

— தேட வாணாம். சார்கிட்ட சொல்லு, இந்த வாட்டி ஒரே டேக்குல முடிஞ்சிரும். கைய தூக்கினா போதும், அதுவா ஒதுங்கிடும்.

— ஒம்போது வருஷமா ஒதுங்காதது இப்ப மட்டும் ஏண்ணா ஒதுங்குது?

— தொடையில கோடு பாத்தியே. அது முள்ளுக்கம்பி இழுத்தது இல்லம்மா.