முதுகில் ஒரு ஜிப்

பொத்தான் விஷயத்தில் எங்கள் குடும்பம் எப்போதுமே கண்டிப்பு. என் அப்பா தலைமை ஆசிரியர். சட்டைப் பொத்தான் கழன்றிருந்தால் பெற்ற பிள்ளையையும் வெயிலில் நிறுத்துவார். நானும் நின்றிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான்.

அந்தப் பழைய படச் சேகரிப்பாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அறுபதுகளில் அவசரமாக எடுத்து, வந்த வேகத்தில் பெட்டிக்குள் போன பேய், ராட்சதப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். பறக்கும் தட்டைத் தொங்கவிட்ட கயிறு திரையில் தெரிந்தால் கண் கலங்குவார்.

"நல்ல படத்தை யார் வேணா ரசிக்கலாம், பெரியவரே. கேவலமா எடுத்தாங்க பாருங்க, அதுலதான் மனுஷன் தெரியறான்."

அப்படிப்பட்ட ஒரு படத்தில் ஏரி ராட்சதனாக நடித்தவரின் பெயரை வைத்து என்னைத் தேடிப் பிடித்திருந்தார். உலகில் அந்தப் படத்துக்கு மிஞ்சியது அவரிடமிருந்த ஒரே பிரதிதான். போட்டுக் காட்டினார். கதாநாயகியைத் தூக்க ராட்சதன் குனிகிறான். ராட்சத உடையின் முதுகு ஜிப் கழுத்திலிருந்து இடுப்புவரை பிளக்கிறது. உள்ளே பட்டைக் கோடு போட்ட உள்ளாடை. அதற்கு மேலே என் அப்பாவின் மச்சம். கோடை விடுமுறையில் பயிற்சி முகாம் என்று சொல்லிவிட்டு அவர் போனது இந்தப் படப்பிடிப்புக்குத்தான்.

"சனிக்கிழமை இந்தப் படத்தைப் பாக்க நம்ம ஆளுங்க நாப்பது பேர் வர்றாங்க. இந்த ஜிப்புக்காகவே வர்றாங்க. அப்பா போட்டோ ஒண்ணு குடுங்களேன், வாசல்ல வைக்கலாம்."

அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன்.

"அதை வெட்டினா அப்புறம் படம் எங்கங்க இருக்கு?" என்று சிரித்தபடியே, படச்சுருள் அறைக்குள் போனார்.

காற்றுப் புகாத சின்ன அறை. பழைய சுருள்களின் புளித்த நெடி அவருக்கு ஆகாது, மூச்சு இழுக்கும். கதவைச் சாத்தினால் உள்ளிருந்து திறக்காது என்று அவரே சொல்லியிருந்தார். சாத்தினேன். அவருடைய இன்ஹேலர் மேசை விளிம்பில் இருந்தது. விழுந்துவிடக் கூடாதே என்று நடுவில் நகர்த்தி வைத்தேன்.

எங்கே வெட்டுவது என்று பார்க்கப் படத்தை மறுபடி ஓட்டினேன். நான்கு தடவை. கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது, ஏனோ வெட்டவில்லை.

கதவு தட்டும் சத்தம் எப்போது நின்றது என்று கேட்கிறீர்கள். தெரியாது. ஜிப் பிளக்கும்போதெல்லாம் எனக்கு இருமல் வந்துவிட்டது. யாரோ விழுந்து விழுந்து சிரித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாராம். இருமல்தான் ஐயா, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.