லோர்னாவுக்கு நான் செய்த திருத்தம்

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், அவசரமில்லை. ஷெஃபீல்டில் யார் வீட்டுக்குப் போனாலும் கடைசியில் ஒரு ஏற்றம் இருக்கும். ரெக்கார்டரை மட்டும் ஜன்னல் ஓரமாக வைக்காதீர்கள், பஸ் சத்தம் விழும். இப்படி, இந்தப் பக்கம். சரி.

லோர்னா ஸ்டானிஃபோர்த்தின் குரலை அப்படி எப்படிக் கொண்டுவந்தேன் என்று ஃபோனில் கேட்டீர்கள். இத்தனை வருஷமாக எல்லோரும் கேட்டதுதான். யாருக்கும் சொன்னதில்லை. பெரிய ரகசியம் என்பதால் அல்ல, சொன்னால் ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும் என்பதால்.

எண்பதுகளின் தொடக்கம். மூடிப்போன கத்திப் பட்டறை ஒன்றின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு உருக்காலை வேலை போயிருந்தது. மீதிப் பேர் பழைய கீபோர்டு வாங்கி இசைக்குழு ஆரம்பித்திருந்தார்கள். என்னிடம் டிரம் மெஷினைப் பார்த்துக்கொண்ட நெவில்தான் லோர்னாவைக் கூட்டிவந்தான். தொழிலாளர் கிளப்புகளில் பாடி, பிங்கோ சூதாட வந்த கூட்டத்தையே வாய்மூடவைத்தவள் என்று அவளுக்குப் பெயர். சிவப்புக் கோட்டும் பெரிய காதணியுமாக, வாடகைக்கு இடம் பார்க்க வந்தவள் மாதிரி சுற்றிப் பார்த்தாள்.

முதல் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

“வாத்தியாரே, உங்க பொட்டி சுருதி ஏறிப்போச்சு.”

அந்தக் காலத்து சிந்தசைசர்கள் சூடேறச் சூடேறச் சுருதி நகரும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நெவில் சுருதி மீட்டரை வைத்துப் பார்த்தான்.

“அவ சொல்றது கரெக்ட்டுதான் டெரெக்,” என்று சிரித்தான். “வந்து கோட்டைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள உன் மானத்த வாங்கிட்டாளேப்பா.”

நானும் சிரித்தேன். சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காது அவளுக்கு வீட்டுச் சொத்து. அவர்கள் ஷெஃபீல்டை ஒட்டிய ஸ்டானிங்டன் கிராமத்துப் பக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பப்பில் ஊரே கூடி, கையில் பீரோடு நாலு குரலில் பாடும். சுருதி எடுத்துக் கொடுப்பது அவள் அப்பா வில்ஃப். உலையடியில் வேலை பார்த்த மனுஷன், எதிரே பியானோ இருந்தாலும் தொடவிடமாட்டார். அவர் பக்கத்தில் லோர்னா நின்று பாடியதை ஒரு தடவை போய்க் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை என்பதுதான் அதில் இருந்த ஒரே சங்கடம்.

எதையும் மீட்டர் வைத்துப் பார்க்கிற நெவிலுக்கு லண்டனில் ஒரு நல்ல வேலைக்குச் சிபாரிசு செய்து அனுப்பிவைத்தேன். பிறகு ஒரு பெட்டி வாங்கினேன். உள்ளே போகிற குரலைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வெளியே விடும். லோர்னா பாடி முடித்ததும் அதன் வழியாக அவளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு மயிரிழைதான் இறக்கியிருந்தேன். வேறு யாராவது கேட்டிருந்தால் ‘என்னவோ மாதிரி இருக்கு’ என்றதோடு விட்டிருப்பார்கள். லோர்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இது நானா?”

“நீதாம்மா. தொண்டை கட்டியிருக்கும். இன்னொரு தரம் பாடு.”

மத்தியானம் முழுக்கப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் சரியாகப் பாடினாள், ஒவ்வொரு தடவையும் இறக்கிப் போட்டுக் காட்டினேன். கடைசியில், “விடும்மா, நான் பாத்துக்கறேன்,” என்று டீ போட அனுப்பினேன். அவள் திரும்பி வருவதற்குள் பெட்டியை அணைத்துவிட்டு, வந்ததும் அவள் பாடியதை அப்படியே போட்டுக் காட்டினேன். நான் செய்த திருத்தம் அவ்வளவுதான். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருப்பேன் வாத்தியாரே?”

அந்தப் பாட்டு எங்கெல்லாம் போனது என்று உங்களுக்குத் தெரியும். ‘மனிதக் குரலை எந்திரத்தின் துல்லியத்துக்கு உயர்த்தியவர்’ என்று பத்திரிகைகள் எழுதின. ஜெர்மனியிலிருந்தெல்லாம் வந்து என்ன கருவி என்று கேட்டார்கள். நான் புன்னகை செய்தேன். அவர்கள் வீட்டை அடகு வைத்துக் கருவி வாங்கி, நல்ல பாடகிகளைத் தகர டப்பா மாதிரி பாடவைத்தார்கள். எலக்ட்ரானிக் பாப்பில் என் தாக்கம் என்று சொல்கிறீர்களே, அது இதுதான். வெறும் தொண்டையில் வந்ததை எந்திரத்தில் வரவழைக்க ஒரு தலைமுறையே பாடுபட்டது. பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

லண்டன் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று அவளை முழு வாத்தியக் குழுவோடு மேடையில் பாடக் கூப்பிட்டது. போகச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். “அங்க யாரு என்னத் திருத்துவா?” என்று அவளேதான் மறுத்துவிட்டாள். தன் முடிவைத் தானே எடுக்கிற பெண்.

பிறகு அவள் பப்பில் பாடுவதை நிறுத்தினாள். வில்ஃப் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

“எம் பொண்ண என்னய்யா பண்ண? வீட்ல வாயே தொறக்க மாட்டேங்குறா. தனக்குச் சுருதி நிக்கலன்னு அழுவுறா. எங்க வம்சத்துல எவனுக்கும் நிக்காம இருந்ததில்ல.”

“நீங்களே கேளுங்க வில்ஃப். உங்க காதவிடவா?” என்று, நான் திருத்துவதற்கு முந்தையது எனச் சொல்லி, அவள் பாடிய டேப்பை ஓட்டினேன். பெட்டி வழியாகத்தான்.

முழுசாகக் கேட்டார். உலையடியில் நின்ற மனுஷன், உட்கார நாற்காலி தேடினார். வீட்டுக்குப் போய் மகளிடம், டாக்டரைப் பாரும்மா என்று சொன்னது அவர்தான். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தொண்டையில் சின்னத் தடிப்பு இருக்கிறது, பாடுகிற யாருக்கும் இருப்பதுதான், தொடவேண்டாம் என்றார் முதல் டாக்டர். அவள் அழுதாள். அழுகிற ஒருத்தியைச் சும்மா விடமுடியுமா? கத்தி வைக்கத் தயங்காத இன்னொருவரைத் தேடிக் கொடுத்தேன். என் காரிலேயே கூட்டிப்போனேன், திராட்சை வாங்கிக்கொண்டு. அவள் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

இனிப் பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அவளுக்கு வந்தது குரல் இல்லை, வெறும் காற்று. இன்றுவரை அதுதான். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி பேசுவாள். பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வில்ஃப் சுருதி கொடுக்கப் போகவில்லை. தன் காதையே நம்பவில்லை என்றாராம். அதற்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவரே இல்லை.

என்னிடம் டேப்புகள் இருந்தன. வைத்துப் பூட்டவா முடியும்? அவற்றைத் தொகுத்து வெளியிட்டதுதான் அவளுடையதில் அதிகம் விற்றது. எனக்கு விருது கொடுத்தபோதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

இப்போது, உங்களைக் கூப்பிட்ட காரணம். டேப்புகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தேன். என் பெயரில் ஒரு அறை வைக்கிறோம் என்றார்கள். அவர்கள் அவற்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, குரலில் எந்தக் கருவியும் பட்ட தடமே இல்லை, அந்தப் பெண் பாடியபடியேதான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்கள் அதை உங்கள் பத்திரிகையில் போட்டீர்கள். ‘டெரெக் ஆக்ஸ்ப்ரிங் ஒன்றுமே செய்யவில்லை’ என்று தலைப்பு வைத்தீர்கள்.

போன வாரம் லோர்னா அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு இந்த ஏற்றம் ஏறி வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

“வாத்தியாரே, நான் சரியாத்தான் பாடியிருக்கேனாம். அப்போ எதுக்கு நான்...” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“அவங்களுக்கு என்னம்மா தெரியும்? அவங்க கேட்டது நான் திருத்தி வச்சது.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“நானும் அதான் நெனச்சேன். உங்களப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே. மன்னிச்சிருங்க.”

படித்தவர்கள் ஆதாரத்தோடு எழுதியதை நம்பவில்லை. தன் காதை நம்பவில்லை. என் ஒரு வார்த்தையை நம்பி, என்னிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். நீங்களே சொல்லுங்கள், ஒரு மனுஷியை இந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியவனைப் பார்த்து, ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது நியாயமா?