கரண்டி டீச்சருக்குக் கிடைக்காத இரண்டு நிமிஷம்

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்து மேடையில் இருக்கும் பெரியவர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் பெற்றோர்களே, உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்களே, வணக்கம். முதல் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கும் நம் பள்ளித் தாளாளருக்கும் வணக்கம். நான் பேசப்போவது பெரும்பாலும் அவரிடம்தான்.

நம் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையைப் பிள்ளைகள் 'கரண்டி டீச்சர்' என்பார்கள். நீளம் என்றால் என்னவென்று காட்ட, தன் அடுப்படியையே பையில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர். "பரிமாற ஒரு கரண்டியாவது மிச்சம் வைம்மா" என்று கணவர் வகுப்புக்கே வந்து கேட்டதுண்டு. இப்படியொரு ஆசிரியை இனி நமக்குக் கிடைப்பாரா?

அன்று ஒரு பெஞ்சை இரண்டு பிள்ளைகள் அளந்தார்கள். ஒருத்தி கையில் குழிக்கரண்டி, ஒருவன் கையில் டீஸ்பூன். அவள் "அஞ்சு" என்றாள். இவன் "பதினொண்ணு" என்றான். "நீ பொய் சொல்ற", "நீதான் பொய்" என்று ஒரே சண்டை. அந்தச் சண்டைக்காகத்தான் டீச்சர் காத்திருந்தார். கொஞ்சம் விட்டிருந்தால், "ரெண்டு பேரும் ஒரே கரண்டியால அளங்க" என்று வகுப்பே சொல்லியிருக்கும். பாடமே அதுதான்.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் உள்ளே வந்தார். "ஒரே பெஞ்சுக்கு ரெண்டு அளவா? முதல்ல நீங்க அளக்கக் கத்துக்கிட்டு வாங்க" என்றார், பிள்ளைகள் முன்னால். "ரெண்டு நிமிஷம் இருங்க சார், பிள்ளைங்களே சொல்லிடுவாங்க" என்றார் டீச்சர். இருந்தாரா? மறுநாள் கரண்டிகள் குப்பைக்குப் போயின. டீச்சரை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, தாமதமாக வருபவர்களைப் பிடிக்கச் சொன்னார். போன வாரம் அந்த ஸ்டூலிலேயே டீச்சர் சரிந்துவிட்டார். மாரடைப்பு என்கிறார் டாக்டர். அவமானம் என்கிறேன் நான்.

"விடுங்க சார், பெருசு பண்ணாதீங்க" என்று உயிரோடு இருந்தவரை டீச்சர் என் வாயை அடைத்தார். இனி யார் அடைப்பது? தாளாளர் அவர்களே, உங்களுக்கு என்னிடம் மன்னிப்பு கிடையாது. டீச்சர் வீட்டுக்கு நீங்கள் அனுப்பிய மலர்வளையத்தை உள்ளே விடாமல் தெருவில் வைக்கச் சொன்னது நான்தான். வயிறு எரிகிறது அய்யா, அதனால் செய்தேன்.

ஆசிரியர்கள் எல்லோரும் கூடிப் பேசிவிட்டோம். நாளை முதல் மணி அடித்ததும் எல்லா வகுப்பிலும் கரண்டி டீச்சரின் பாடம்தான் நடக்கும். பிடிக்கவில்லையா? எங்களையும் வாசலுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்து உட்காருவதாகப் பெற்றோர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் வாசலிலேயே நடக்கும். உள்ளே நீங்கள் மட்டும் இருங்கள்.