அம்முவுக்குக் கட்டிய மீன்

கெளுத்தி மீனைச் சிறுதீயில் வறுக்க வேண்டும், ஐயா. அவசரப்பட்டால் மேலே கருகிவிடும், உள்ளே வேகாது. யுத்தத்தின் நடுவில் கள்ளுக்கடைகளை மறுபடி திறந்தார்களே, அன்றிலிருந்து பள்ளிப்பட்டு சாலைக் கடையில் சாக்கனா போடுகிறவன் நான்தான். கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளும் மீனும் சுண்டலும் என் கைப்பக்குவம். ஆனால் ஜனங்கள் வந்தது வேணுவின் பாட்டுக்கு.

சாயங்காலம் ஆனதும் அவன் பெஞ்சில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு உட்காருவான். தமிழிலும் பாடுவான், தெலுங்கிலும் பாடுவான். தறியை விட்டு வந்தவர்கள் கலயத்தைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்தப் பாட்டு நேரம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவன் மனைவி அம்மு ஒருநாள் என் அடுப்பங்கரைக்கு வந்தாள்.

"அண்ணா, பெரம்பூர்ல எங்க அண்ணன் இவருக்கு வேலை பாத்து வெச்சிகிறாரு. வர்ற வெள்ளிக்கிழமை போறோம். இங்கியே இருந்துகினு இருந்தா குடிச்சே செத்துடுவாரு."

நல்லதும்மா என்றேன். அவள் சொன்னதில் தப்பில்லை. நல்ல பெண். ஆறு மாதக் கர்ப்பம்.

செவ்வாய்க்கிழமை கிருத்திகை. ஊமத்தை விதையை அரைத்து மிளகாய் விழுதோடு சேர்த்து ஒரு மீனில் தடவி வறுத்தேன். வேணு வந்ததும் தட்டை அவன் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, கிருத்திகையாச்சே. அம்முக்குக் கட்டிக் குடுங்க. மாசமா இருக்கிறவளுக்கு ஏது விரதம்?"

"ஆங்" என்று இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பிறகு அவன் பாடினான். கேட்டுக்கொண்டே அடுத்த மீனைத் திருப்பிப் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவள் இறந்துபோனாள். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

நீங்கள் எழுதியிருக்கும் வாக்குமூலத்தை ஸ்டேஷன் ரைட்டர் படித்துக் காட்டினார். வேணுவைப் படுக்கவைத்துப் பயணத்தைத் தடுக்க நினைத்தேன் என்றும், அவன் விரதத்தை நான் மறந்துவிட்டதால் மீன் தவறி அவளிடம் போயிற்று என்றும் இருக்கிறது. நேற்று நான் சொன்னதுதான். அதை அடித்துவிடுங்கள். திருத்தணியில் பிறந்த எனக்குக் கிருத்திகை எப்படி மறக்கும்? மாதாமாதம் அன்று அவன் மீனைத் தொடமாட்டான். மாதாமாதம் நான்தான் அவளுக்குக் கட்டிக் கொடுப்பேன். வேணுவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அந்த நாளுக்குக் காத்திருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் தானாகவே கடைக்கு வந்து ஆர்மோனியத்தைத் திறந்தான். பெரம்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு முன்னைவிடப் பிடித்திருந்தது.

எங்கே சொல்கிறீர்களோ அங்கே கைநாட்டு வைக்கிறேன். வேணுவிடம் மட்டும் சொல்ல வேண்டாம், ஐயா. பாவம், அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?